பூட்டைத் திறந்தவளும் போனை வெட்டியவனும்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்த வீட்டில் போனை நம்புகிற காலம் மலையேறிவிட்டது.

எல்லாம் என் மகள் செய்த வேலை. ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டியது போதாதென்று, வீட்டுக்கு வந்தும் ஊரான் செய்த மென்பொருளில் ஓட்டை தேடுவாள். கிடைத்தால் செய்தவர்களுக்கே எழுதிச் சொல்வாள். அதில் உனக்கென்ன லாபம் என்றால், நன்றி என்று ஒரு வரி போடுவார்களாம். நடுவில் எங்களையும் சோதித்தாள். கூரியர்காரன் மாதிரி ஒரு குறுஞ்செய்தி, மின்வாரியம் மாதிரி ஒன்று, ஒருநாள் உன் அண்ணியின் குரலையே கம்ப்யூட்டரில் செய்து ஓர் அழைப்பு, போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லச் சொல்லி. உன் அண்ணி கண்ணெதிரே அடுப்படியில் நிற்கிறாள், நான் கூடத்தில் உட்கார்ந்து எண்ணை ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். "அப்பா, இந்த வீட்டுலயே பெரிய ஓட்டை நீங்கதான்" என்றாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து எவனையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டினேன்.

போன வாரம் ஒருவர் வீட்டுப் போனில் கூப்பிட்டார். போனாலேயே திறக்கும் கதவுப்பூட்டு செய்கிற கம்பெனியாம். அவர்கள் பூட்டை என் மகள் திறந்துகாட்டிவிட்டாளாம், அதனால் அவளுக்கே வேலை தருகிறார்களாம். குறை சொன்னவளைக் கூப்பிட்டு எவனாவது வேலை கொடுப்பானா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு வெட்டினேன். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் கேட்டேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக்கொடுத்தாள். சாயங்காலம் மகளிடம் பெருமையாகச் சொன்னால், அவள் முகம் செத்துவிட்டது.

"இந்த போனுக்குத்தான்பா இத்தனை மாசமா காத்துக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பத்திரமாக இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி வருகிறது. அவள்தான் அனுப்பினாள் என்று எதை வைத்து நம்புவது? களைத்துவிட்டேன், தம்பி. சோறு இறங்கவில்லை. நீ எப்படியாவது அவளைத் தேடிப் பிடித்து, அப்பா செய்தது தப்புதான் என்று நான் சொன்னதாகச் சொல். சித்தப்பா சொன்னால் கேட்பாள்.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஓர் அழைப்பு. அச்சு அசலாக உன் குரல். "அண்ணே, பொண்ணு இங்கதான் இருக்கா, அழுதுக்கிட்டே இருக்கா, ஒரு வார்த்தை பேசுங்க" என்றது. பின்னால் அவள் விசும்பல்கூடக் கேட்டது. நான் ஏமாறுவேனா? வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வெட்டினேன். உன் பெயரில் எவனோ திரிகிறான், ஜாக்கிரதையாக இரு.