மாமனாரைக் குத்தியதாகப் பரவும் வீடியோ குறித்து

அன்புள்ள ஜோசப் ஆனந்த் மச்சானுக்கு, குருசுக்குப்பத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஏட்டு மிக்கேல் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அந்த ‘எல்லாரும்’ என்பதில் உங்கள் அப்பாவும் அடக்கம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

‘போலீஸ் மருமகனின் வெறியாட்டம்’ என்று பாரீஸ் வரை வந்துவிட்ட வீடியோவில் கீழே கிடப்பவர் உங்கள் அப்பாதான், அவர் நெஞ்சில் கை வைத்துக் குத்துகிறவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நடந்தது வேறு. போன மாதம் எங்கள் ஸ்டேஷன் ஆட்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். மெரின் என்று ஒரு நர்ஸம்மா ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, மயங்கிக் கிடப்பவரை முதலில் தட்டிக் கூப்பிட வேண்டும் என்றார். எங்கள் கோவிந்தராசு உடனே பொம்மையின் சட்டையைப் பிடித்து, “டேய், ஏந்திரிடா! பேரு இன்னா, எந்த ஊரு?” என்று ஆரம்பித்துவிட்டான். “சார், அவரு பேஷண்ட்டு, அக்யூஸ்ட் இல்ல” என்றார் அந்த அம்மா. மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காட்டச் சொன்னபோது மெதுவாக அழுத்திய எனக்கும் திட்டு விழுந்தது. “விலா எலும்பு உடைஞ்சா கூடிடும் சார், உசுரு போனா ஒட்ட முடியாது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பார்த்து வைத்திருந்த பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளையை விட்டுவிட்டு சூசைமேரி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கும், “அந்தப் போலீசுக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வையி, வாய மூடிக்கினு இருக்கட்டும்” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர், வாசலில் அப்படியே சரிந்தார். தட்டினேன், கத்திக் கூப்பிட்டேன், மூச்சே இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு அழுத்த ஆரம்பித்தேன். உள்ளே ஏதோ மடக்கென்று ஒடிந்தது, மச்சான். விலா எலும்புதான், ஆனால் நர்ஸம்மா சொன்னபடி நான் நிறுத்தவில்லை. “அப்பாவ கொல்லாதீங்க!” என்று உங்கள் தங்கை என் சட்டையைக் கிழிக்கிறாள், எதிர்வீட்டு மணியம்மாள் நிதானமாக வீடியோ எடுக்கிறாள், நான் அழுதுகொண்டே அழுத்துகிறேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஷாக் கொடுத்த பிறகுதான் துடிப்பு திரும்பியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் விலாவைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “படுபாவி, எங்கூட பேசணும்னா வாயால பேசக்கூடாதா?” என்றார். அவர் நேராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நாங்கள் சமாதானம். நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எவர் நெஞ்சிலும் எவரும் கை வைக்க நேராமல் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மிக்கேல்

பி.கு.: அடுத்த பயிற்சியில் பிழைத்து வந்தவராகப் பேசச் சொல்லி உங்கள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச வராதாம், செய்து காட்டுவாராம். பொம்மைகூட வேண்டாமாம், மருமகன் இருக்கிறானாம். மூச்சு இருக்கிறவரை அழுத்தக் கூடாது என்று மெரின் சொன்னதற்கு, “அவனுக்கு மூச்சு இருக்குதா இல்லியான்னு நான் பாத்துக்கறேன்” என்கிறார். உடனே டிக்கெட் போடுங்கள், மச்சான்.