சும்மா இருந்த சர்வர்

ஒரு காட்டில், சிக்னல் ஓரளவுக்குக் கிடைக்கும் வடக்குச் சரிவில், ஏகாம்பரம் என்றோர் உடும்பு வாழ்ந்துவந்தது. இலவசம் என்று எதைக் கேள்விப்பட்டாலும் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதனிடம் ஒன்பது இலவச ஈமெயில் முகவரிகள் இருந்தன. பதினான்கு இலவச ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்திருந்தது. எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டும் முடித்திருந்தது. இதை அது மறைப்பதும் இல்லை. "முதல் பாடத்துல காட்டுலேயே நான்தான் கெட்டிக்காரன்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்ளும்.

ஒரு மாசி மாதம் மிளா மான் கூட்டத்தின் தலைவி சொர்ணத்தாய் அதன் பொந்துக்கு வந்தது. கழுத்தில் கயிறு கட்டிப் போனைத் தொங்கவிட்டிருந்தது.

"அண்ணே, கோடை வருது. நமக்கு இருக்கிறது ரெண்டே குட்டை. வடகுட்டை, தென்குட்டை. எங்க மேய்ச்சல்ல இருந்து ரெண்டுமே மூணு மணி நேர நடை. போன வருசம் தண்ணி இருக்குன்னு நம்பி வத்திப்போன குட்டைக்குப் போய் ரெண்டு குட்டிகளைப் பறிகொடுத்தோம். நீங்க வடகுட்டைக் கரையில இருக்கீங்க. உங்க மச்சான் தென்குட்டைக் கரையில இருக்கார். எங்க தண்ணி இருக்குன்னு தினமும் எங்களுக்குத் தெரிய ஒரு வழி பண்ணுங்க."

"வெப்சைட்டே போட்டுடலாம் தங்கச்சி" என்றது ஏகாம்பரம். "ரெண்டே நாள்."

சொர்ணத்தாய் போனதும், ஏகாம்பரத்தின் மனைவி கோமளவல்லி கேட்டது: "ஏங்க, அதுகிட்டதான் போன் இருக்கே? காலையில ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சுதே?"

"அது தகவல் சொல்றது. இது டெக்னாலஜி" என்றது ஏகாம்பரம்.

அந்த நாளில் கொக்குகள் சேர்ந்து 'வெண்கொக்கு கிளவுட்' என்றொரு கம்பெனி நடத்திவந்தன. எங்கோ மலைக்கு அப்பால் அடுக்கடுக்காகப் பெரிய கம்ப்யூட்டர்களை வைத்து, ஒவ்வொன்றையும் பல துண்டாகப் பிரித்து, துண்டுக்குச் சர்வர் என்று பெயரிட்டு, வெப்சைட் வைத்துக்கொள்ள விலங்குகளுக்குக் கொடுத்தன. அதில் மிகச் சிறிய துண்டு 'என்றென்றும் இலவசம்'. ஏகாம்பரம் விண்ணப்பத்தை நிரப்பியது. பெயர், இனம், வால் நீளம் எல்லாம் எழுதியது. நாற்பத்து மூன்று பக்க நிபந்தனைகளைப் 'படித்தேன்' என்று ஒரே டிக்கில் படித்து முடித்தது. கடைசியில் பொத்தானை அழுத்தியதும் திரையில் வந்தது:

"தற்போது இடம் காலி இல்லை. பிறகு முயலவும்."

"நான் முயலில்லையே, உடும்பாச்சே" என்று முனகியபடி ஏகாம்பரம் மறுபடி அழுத்தியது. இப்படிப் பதினெட்டு நாள் அழுத்தியது. பத்தொன்பதாம் நாள் ஏதோ ஒரு விலங்கு சலித்துப்போய்க் காலிசெய்த இடம் இதற்குக் கிடைத்தது. ஏகாம்பரம் வாலைத் தூக்கிக்கொண்டு பொந்தை மூன்று முறை சுற்றி வந்தது.

சர்வர் கிடைத்தால் முதலில் கதவுகளை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருடன் வருவான் என்று ஒரு வீடியோவில் ஓர் ஆந்தை சொல்லியிருந்தது. ஏகாம்பரம் ஃபயர்வாலைப் போட்டு ஒவ்வொரு கதவாக அடைத்தது. தான் உள்ளே போகும் கதவையும் அடைத்தது. பொந்தை உள்ளேயிருந்து அடைப்பவர்கள் உண்டு. வெளியே நின்றுகொண்டு அடைத்துவிட்டு, பிறகு தட்டித் தட்டிப் பார்த்தது ஏகாம்பரம் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அந்த சர்வரையே அழித்துவிட்டு, மறுபடியும் ஆறு நாள் பொத்தானை அழுத்தியது.

இரண்டாவது சர்வர் வந்தது. அதை இயக்க லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு வகையைப் போட்டது. அதைவிட நல்ல லினக்ஸ் இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்ததால் அழித்துவிட்டு அதைப் போட்டது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வர வைக்க நாலு நாள் ஆனது.

"தண்ணி விஷயம் என்னாச்சு?" என்றது கோமளவல்லி.

"அஸ்திவாரம் போட்டுட்டிருக்கேன்."

"வீடு எத்தனை மாடி?"

வெப்சைட்டில் மொத்தமே இரண்டு வரிதான். 'வடகுட்டை: தண்ணீர் உண்டு. தென்குட்டை: தண்ணீர் உண்டு.' அதை எழுத ஏகாம்பரத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆக, இரண்டு நாள் என்று சொன்ன வேலை பங்குனிக் கடைசியில் முடிந்தது.

ஆனாலும் முடிந்தது, அதைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் மச்சான் போனில் சொல்வதைக் கேட்டு ஏகாம்பரம் அந்த வரிகளை மாற்றி எழுதும். மிளாக்கள் போனைத் திறந்து பார்த்து, எந்தப் பக்கம் மேய்ச்சல் நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் குட்டைக்கு நடக்கும். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஏகாம்பரத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிக் கேலியாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் வந்தது. ஒரு நாள் காலையில் மச்சான் போன் போட்டது.

"மாமா, தென்குட்டை வத்திடுச்சு. வெறும் சேறுதான். நான் பொண்டாட்டி பிள்ளையோட கிளம்பிட்டேன்."

ஏகாம்பரம் வரியை மாற்றப் போனது. சர்வரைக் காணவில்லை. பாஸ்வேர்ட் தப்போ என்று மூன்று முறை போட்டது. ஃபயர்வால்தான் மறுபடி மூடிக்கொண்டதோ என்று பார்த்தது. 'தப்பு நம்மமேலதான் இருக்கும், எப்பவும் அப்படித்தானே' என்று தன் பழைய குறிப்புகளை எல்லாம் புரட்டியது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வேறொரு காட்டில் ஒரு மரங்கொத்தி கேட்டிருந்த இதே கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்தது. அதற்கு அந்த மரங்கொத்தியே 'சரியாகிவிட்டது, நன்றி' என்று பதில் எழுதியிருந்தது. எப்படிச் சரியானது என்று எழுதவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கோமளவல்லி வந்து வாலை மிதித்தது.

"போன் போடுங்க!"

போட்டது. சொர்ணத்தாயின் போன் அணைந்திருந்தது. காலையிலிருந்து திறக்காத பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது. முந்தின நாள் தென்குட்டையில் தண்ணீர் உண்டு என்று போட்டிருந்ததை நம்பி, கூட்டம் அங்கே கிளம்பிப் போயிருந்தது.

ஏகாம்பரம் ஓடியது. சுடுபாறையில் வயிறு படப்பட ஓடியது. ஓடும்போதெல்லாம் போன வருசம் பறிகொடுத்த இரண்டு குட்டிகள் நினைவுக்கு வந்தன. தென்குட்டையை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வெடித்த சேற்றின் ஓரமாக மிளாக்கள் நின்றன. ஒரு குட்டி படுத்துவிட்டது. அதன் நாக்கு வெளியே தொங்கியது.

ஏகாம்பரம் குட்டையின் நடுவில் மணல் பாங்கான இடமாகப் பார்த்து நகத்தால் தோண்டத் தொடங்கியது. ஒரு முழம் போனது. இரண்டு முழம் போனது. நகம் ஒன்று பிய்ந்தது. மூன்றாவது முழத்தில் மண் ஈரமானது, பிறகு கலங்கலாக ஊறியது. சொர்ணத்தாய் குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து ஊற்றில் வாய் வைத்தது. வெகுநேரம் கழித்துக் குட்டி காதை ஆட்டியது.

அப்போதுதான் சொர்ணத்தாய் பேசியது. "அண்ணே, குட்டை வத்திடுச்சுன்னு காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே ஒரு போன் போட்டிருந்தா?"

ஏகாம்பரம் பிய்ந்த நகத்தோடு ஊற்றை இன்னும் ஆழமாகத் தோண்டத் தொடங்கியது.

மறுநாள் வெண்கொக்கு கம்பெனியின் உதவிப் பிரிவில் நாற்பதாவது ஆளாக வரிசையில் காத்திருந்து ஒரு கொக்கைப் பிடித்தது.

"என் சர்வர் எங்க?"

"எடுத்துட்டோம் சார். ஏழு நாளா சும்மா இருந்துச்சு. நிபந்தனை முப்பத்தொன்பதாம் பக்கத்துல இருக்கே."

"சும்மா இல்லீங்க. தினமும் தண்ணி எங்கேன்னு சொல்லிட்டிருந்துச்சு. ஒரு கூட்டமே அதை நம்பி உயிரோட இருந்துச்சு."

"ரெண்டு வரி சொல்றதுக்கு மெஷின் என்ன உழைக்கும் சார்? ஒரு சதவீதம்கூட வேலை பார்க்கல. அதான் உழைக்கிறவருக்குக் கொடுத்துட்டோம்."

"யாரு அந்த உழைப்பாளி?"

"ஒரு நரி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண விட்டிருக்கார். நிறுத்தாம எண்ணுது சார். மெஷின் கொதிக்குது. எங்களுக்கே பார்க்கப் பெருமையா இருக்கு."

ஏகாம்பரம் பொந்துக்குத் திரும்பியது. பதினொரு நாள் பொத்தானை அழுத்தி மூன்றாவது சர்வரை வாங்கியது. முதல் வேலையாக அதை எண்ண விட்டது. பிறகு இரண்டு வரி வெப்சைட்டையும் ஏற்றிப் பார்த்தது. எண்ணுகிற வேகத்தில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. வெப்சைட்டை எடுத்துவிட்டது. மாதக் கடைசியில் 'சிறந்த பயனாளர்' என்று கம்பெனியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கோமளவல்லி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

கோடை மழையில் தென்குட்டை நிறைந்து மச்சானும் திரும்பிவிட்டது. இப்போதெல்லாம் தினமும் காலையில் சொர்ணத்தாயே போன் போட்டுவிடுகிறது. ஏகாம்பரம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "வடகுட்டை" என்றோ "தென்குட்டை" என்றோ சொல்லும். ஒரு நாள் சொர்ணத்தாய் விசாரித்தது:

"அண்ணே, உங்க மெஷின் இப்ப எப்படி இருக்கு?"

"பிரமாதம். நாப்பது கோடியைத் தாண்டிடுச்சு."

"அங்க தண்ணி இருக்கா அண்ணே?"

நீதி: ஒரு காட்டுக்கே தாகம் தீர்த்தாலும், கொதிக்காத மெஷின் சும்மா இருந்ததாகவே கருதப்படும். ஆகவே, குழந்தைகளே, இடைவிடாமல் எண்ணுங்கள்.