அறுக்கப் பயிரில்லாதவனுக்கு அறுவடை மிஷின்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளாண்மை அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது என்று தங்கை சொன்னாள். அந்த நாற்காலியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

விஷயம் என் சித்தப்பா மகனைப் பற்றியது. அவன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். போன மாதம் அடித்த காற்றில் அவன் மக்காச்சோளம் முழுக்கப் படுத்துவிட்டது. மேற்கே நான் வைத்த மரங்கள் தடுத்ததால் என்னுடையது ஒரு தட்டைகூடச் சாயாமல் நிற்கிறது. நியாயமாக ஊர் என்னைத்தானே பாராட்ட வேண்டும்? ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் வயலுக்கோ ஜீப் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், அவர்களில் பெரிய அதிகாரி அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படம் பேப்பரிலும் வந்துவிட்டது. அதில் பின்னால் பச்சைப்பசேல் என்று நிற்பது என் சோளம், மாப்பிள்ளை! அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

விவசாயிகளைக் காக்கும் திட்டம் என்று அவனுக்கு விதை கொடுத்தார்கள், உரம் கொடுத்தார்கள், போகட்டும். போன வாரம் ஒரு அறுவடை மிஷினும் வந்து இறங்கியது. அறுக்கப் பயிரே இல்லாதவனுக்கு! என் சோளமோ முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் கிடைக்கவில்லை, மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். வயிறு எரியுமா எரியாதா?

"அடுத்தவன் பயிரு விழுந்ததுக்குக் கூடவா பொறாமைப்படுவீங்க?" என்கிறாள் வீட்டுக்காரி.

"விழுந்ததுக்கு இல்ல. விழுந்து எந்திரிச்சதுக்கு" என்றேன்.

நானும் பாதிக்கப்பட்டவன்தான் என்று சொல்லி, பயிர் ஆய்வு செய்யும் அம்மாவை வரச் சொன்னேன். அவர் வரும்போது பாதிப்பு ஏதாவது இருக்க வேண்டுமே என்று காலையிலேயே வயலில் இறங்கி ஓரத்து வரிசையைச் சாய்க்கப் பார்த்தேன். நான் போட்ட உரத்தைத் தின்று வளர்ந்த தட்டை எனக்கே அசையமாட்டேன் என்கிறது. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். தட்டை வளைந்து நிமிர்ந்துகொண்டது, நான் இடுப்பு அடிபட வாய்க்காலில் போய் விழுந்தேன், சேற்றில் மல்லாந்து கிடக்கும்போது அந்த அம்மா வந்துவிட்டார். முதலில் வயலைப் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"பயிருக்கு ஒண்ணும் ஆகலையே பெரியவரே?"

"எனக்கு ஆயிருக்கும்மா. பாதிக்கப்பட்ட விவசாயிக்குன்னுதானே திட்டத்துல போட்டிருக்கு?"

"பயிர் பாதிக்கப்பட்ட விவசாயிக்கு. விவசாயி மட்டும் பாதிக்கப்பட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

இதில் கொடுமை என்னவென்றால், ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டவனும் அந்தச் சித்தப்பா மகன்தான். அதையும் அந்த அம்மா படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த பேப்பரிலும் அவன்தான்!

ஆகவே மாப்பிள்ளை, மேலதிகாரியிடம் சொல்லி அவன் வயலை மறுபடி ஆய்வு செய்ய வையுங்கள். காற்றடிப்பதற்கு முன்பே அவன் சோளம் தூங்கி விழுந்துகொண்டிருந்தது என்று நானே சாட்சி சொல்கிறேன். அந்த மிஷின் எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அவனிடம் இருக்கக் கூடாது. அது கிளம்புகிற சத்தம் கேட்டாலே என் இடுப்பு சரியாகிவிடும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரையும் பார்த்து வயிறெரியத் தேவையில்லாத உத்தியோகத்துக்கு வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
காற்றும் கைவிட்ட
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டும்போது மிஷின் சத்தம் கேட்டது. கடிதம் போகும் முன்பே பலித்துவிட்டதே என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். மிஷின் வரப்பைத் தாண்டி என் வயலுக்குள் இறங்குகிறது. அவனும் அவன் மனைவியும் என் சோளத்தை அறுக்கிறார்கள். "மேகம் கட்டுதுண்ணே. நீ படு, நாங்க பாத்துக்கறோம். என்னுதுதான் போச்சு, உன்னுதாவது வீடு சேரட்டும்" என்று அங்கிருந்தே கத்துகிறான். ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மறு ஆய்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்த மிஷினை யாரும் தொடக் கூடாது.

ஆனால் தெருவே இப்போது அவனைத்தான் மெச்சிக்கொண்டு நிற்கிறது. வயல் என்னுடையது, சோளம் என்னுடையது, நல்ல பேர் மட்டும் அவனுக்கு. பயிர் பத்திரமாக வீடு சேர்ந்தாலும் வயிறு எரிகிற விவசாயிக்கு உங்கள் அலுவலகத்தில் ஏதாவது திட்டம் இருக்கிறதா, மாப்பிள்ளை?