சங்கிலி அக்கா சிலிண்டரோடு போட்ட சண்டைகள்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் உள்ள மொத்தக் கோபத்தையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்றால், அது எங்கள் சங்கிலி அக்காவிடம்தான். வெயில் அடித்தால் வெயிலைத் திட்டுவார். மழை வந்தால், இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று மழையைத் திட்டுவார்.

கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் பெயிண்ட்பால் மைதானம் இருந்தது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வந்து, சாயம் அடைத்த உருண்டைகளால் தங்கள் மேனேஜரைச் சுட்டுவிட்டு, மனநிறைவோடு திரும்பிப் போவார்கள். அங்கே டிக்கெட் கொடுப்பது என் வேலை. முதலாளியின் கூடப்பிறந்த அக்காதான் இவர். அந்தத் துப்பாக்கிகள் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவில் சுடுபவை. பெரிய சிலிண்டரிலிருந்து குட்டி சிலிண்டர்களில் அதை நிரப்பி, துப்பாக்கியில் திருகித் தருவது அக்காவின் ராஜ்யம். பெரிய சிலிண்டர்களைச் சுவரோடு நிறுத்திச் சங்கிலியால் கட்டி வைப்பார். கோயில் யானைக்குக்கூட அவ்வளவு கனமான சங்கிலி கிடையாது. பெயர் அப்படித்தான் வந்தது.

எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பேச்சில் 'ங்க' மட்டும் குறையாது. ஒருநாள் லோடு ஆட்டோக்காரர் ஒரு சிலிண்டரை வண்டியிலிருந்து பழைய டயர்மேல் உருட்டித் தள்ளினார்.

"ஏனுங்க, எறக்கறீங்களா, எறியறீங்களா? மண்டைல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. எப்பவும் இப்படித்தானுங்க."

"வால்வு ஒடஞ்சா இது உங்களையும் தூக்கிக்கிட்டு ஆனைமலைக்குப் போயிருமுங்க! மூடிகூட மாட்டாம கொண்டாந்திருக்கீங்க. மாட்டிப்போட்டு மறுபடி ஏத்துங்க. ஏத்திப்போட்டு ஒழுங்கா எறக்குங்க!"

அவர் மறுபடி ஏற்றி, தூங்குகிற குழந்தையைப் போல இறக்கினார்.

வாயு நிரப்பிய குட்டி சிலிண்டரை வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போன ஒரு கும்பலை, இலை முன்னாலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தார். "கார் அடுப்பாட்டம் கொதிக்குதுங்க. நீங்க அங்க ரசம் ஊத்திக்கிட்டு இருக்கறீங்க!"

உச்சம், நெயில் பாலிஷ். தன் நகத்தில் அவர் வைத்து நான் பார்த்ததேயில்லை. குட்டி சிலிண்டரின் கழுத்தையும் மேலேயிருக்கும் வால்வையும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடாக இழுப்பார். துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது சிலிண்டரும் வால்வும் சேர்ந்தே சுழல வேண்டும். வால்வு துப்பாக்கியில் சிக்கிக்கொண்டு சிலிண்டர் மட்டும் சுழன்றால், கோடு இரண்டாகப் பிரியும். அதற்குமேலும் திருகினால் ராக்கெட்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நண்பர்களோடு வந்த ஒரு மாப்பிள்ளை, நீங்களாகக் கழற்றாதீர்கள் என்று சொல்லியும் கேட்காமல், அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தார். கோடு பிரிந்ததை அக்கா பார்த்துவிட்டார். பாய்ந்து போய்க் கன்னத்தில் பளாரென்று ஒன்று.

"உடுடா கைய!"

முதல்முறையாக 'ங்க' காணாமல் போயிருந்தது. மாப்பிள்ளையின் கை கன்னத்துக்குப் போக, துப்பாக்கி அக்காவின் கைக்கு வந்தது. சிலிண்டரைத் திருப்பி இறுக்கி, மண்மேட்டைப் பார்த்து, வாயு தீரும்வரை சுட்டுத் தள்ளினார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. வெடித்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார்கள். வெடிக்காததால், மாப்பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிட்டாள் என்று ஒரே கூச்சல். முதலாளி ஓடி வந்தார்.

"அக்கா, மன்னிப்புக் கேட்டுப்போடு."

"உசுரோட நிக்கறானல்லோ, அதுக்கு மன்னிப்பா? கேக்க முடியாது போடா!"

"அப்ப நீ இங்க வர வேண்டாம்."

அக்கா தோப்பின் மறுகோடியில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி பெயிண்ட் கரைக்கும் தின்னரை எடுத்து எல்லாச் சிலிண்டர்களின் சிவப்புக் கோடுகளையும் துடைத்தார். கஸ்டமர்கள் இதைப் பார்த்துப் பியூட்டி பார்லர் என்று சிரிக்கிறார்களாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிப்பவர்களுக்குப் பயந்து, காப்பாற்றுகிறவளை விரட்டுகிற புத்தியை என்னவென்று சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் முன்னால் முதலாளியே ஒரு சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். டமார்! வால்வு துப்பாக்கியிலேயே நின்றுவிட, சிலிண்டர் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய், தென்னையில் மோதி, ஒரு குலை இளநீரைப் புதுக்கார்மேல் இறக்கியது. கார் முதலாளியுடையது. அவர் உள்ளங்கை வாயுவின் குளிரில் வெளுத்து விறைத்திருந்தது.

சத்தம் கேட்டு அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "அறிவுகெட்டவனே! தின்னரா போட்டுத் தொடச்சே? உன் மூளையத் தொடச்சிருக்கோணும்!" திட்டிக்கொண்டே தம்பியின் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார். "ஏனுங்க, வேடிக்கை பார்க்க வந்தீங்களா, சாக வந்தீங்களா?" திட்டிக்கொண்டே, தகரத் துண்டு எதுவும் பட்டிருக்கிறதா என்று ஒவ்வொருவர் தலையையும் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியாக என்னிடம் வந்தார். நான் அங்கேயே நின்றதற்கும் ஒரு பாட்டு விழுந்தது.

பாட்டு முடிந்த பிறகும் என் தலைமேல் இருந்த கையை மட்டும் அவர் எடுக்கவேயில்லை.