மீனுக்குத் தாகம் எடுக்குமா?

சிவகங்கைச் சீமையிலேயே 'தெரியாது' என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய ஒரே ஆள் எங்கள் 'தெரியாது டீச்சர்'தான். காரைக்குடியில் பி.எட். படித்தபோது என் அறைத்தோழி.

நல்ல ஆசிரியர் யார் என்று விடுதியில் தினமும் சண்டை நடக்கும். தொண்டைதான் முக்கியம் என்பது என் கட்சி. கடைசி பெஞ்சு அதிர வேண்டாமா? சேலை மடிப்புக் கலையாதவளே நல்ல டீச்சர் என்பாள் எதிர் அறைக்காரி. இவளோ, "பிள்ளைக கேள்வி கேக்கணும்டி. நமக்குத் தெரியாததைக் கேட்டா இன்னும் நல்லது" என்பாள். கிறுக்கச்சி!

கற்பித்தல் பயிற்சிக்கு அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு எங்களை அனுப்பினார்கள். அவளுக்கு ஏழாம் வகுப்பு. முதல் நாளே ஒருத்தன் கொசு தூங்குமா என்று கேட்டுவிட்டான். புதையல் கிடைத்தவள் போலக் குதித்தாள். "தெரியலையே! வாங்க, பாப்போம்" என்று வகுப்பையே சாக்கடையோரம் கூட்டிப் போய்விட்டாள். தலைமையாசிரியர் பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, டெங்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

"தெரியாது சார்."

பேர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூர்த் தேர்வாளர் தேறவிட்டால்தான் பட்டம். "நாளைக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்லித் தொலைக்காதடி, பெயிலாக்கிருவாக" என்று பள்ளி வராந்தாவில் அவளிடம் கெஞ்சினேன். பக்கத்தில் அவள் வகுப்பு வாண்டுகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதை நான் எங்கே கவனித்தேன்!

மறுநாள் நீர்ச் சுழற்சிப் பாடம். அழகாக நடத்திவிட்டு, "சந்தேகம் கேளுங்க" என்றாள்.

"இல்ல டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. மறுபடி கேட்டாள். வாண்டுகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தேர்வாளர், "வகுப்புக் கட்டுப்பாடு பிரமாதம்" என்று தலையாட்டினார். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. அவள் முகம்தான் செத்துப்போனது.

"ஏன் கண்ணுகளா, நான் சரியா நடத்தலையா?" என்று கேட்டாள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். "நாங்க கேட்டா நீங்க தெரியாதும்பீக டீச்சர். இவுக உங்களைப் பெயிலாக்கிருவாகளாம்!"

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படி என்னம்மா கேக்கப் போற?" என்றார் தேர்வாளர்.

"மீனுக்குத் தாகம் எடுக்குமா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். "எனக்கும் தெரியாதே!"

அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கைகள் உயர்ந்தன. மணி அடித்தும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் தேறினாள், தொண்டை கிழியக் கத்திய என்னைவிட அதிக மதிப்பெண். வயிறும் எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது அவள் இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள். நானும் டீச்சர்தான். ஆனாலும் என் மகளை என் பள்ளியில் சேர்க்காமல், பஸ் ஏற்றி அவளிடம்தான் அனுப்புகிறேன். நேற்று வந்ததும் வராததுமாகப் பையை எறிந்துவிட்டு, "அம்மா, மீனுக்குத் தாகம் எடுக்குமா?" என்கிறாள்.

அடிப்பாவி, இத்தனை வருஷமாகவா கண்டுபிடிக்கவில்லை! "தெரியலையே, வா, பாப்போம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு ஊருணிக்குக் கிளம்பினேன்.