நூறு வயதுக்கு முன்பதிவு செய்தவர்

உங்களுக்குத் தெரிந்தவர்களில் நிச்சயம் ஒருவர் இருப்பார்: முதல் நரைமுடியைக் கண்ட அன்றே முதுமையோடு மல்லுக்கு நிற்கக் கிளம்பியவர். அவரை நூறாண்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நம் நூறாண்டுக்காரருக்கு வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. கனத்த சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, எழுந்து ஓடவும் வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்தான் அவருக்கு வாய்த்த சபை.

"செல்லுக்குள்ள என்.ஏ.டி.ன்னு ஒரு துணைநொதி இருக்கு சார். சாப்பாட்டைச் சக்தியா மாத்த அது இல்லாம முடியாது. வயசாக ஆக அது குறையுது. நான் மாத்திரை போட்டு ஏத்திக்கறேன்."

"எனக்கு எழுத்தே தெரியலையே சார்."

"லென்ஸ் இன்னும் போடலை."

விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் பல் கிடுகிடுக்கும் பச்சைத்தண்ணீர்க் குளியல், அதற்கப்புறம் 'உள்ளே சேரட்டும்' என்று ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நாற்காலியில். முதல் மாடிக்கும் லிஃப்ட்தான். அரும்பாடுபட்டுச் சேர்த்த சக்தியைப் படிக்கட்டுக்கா தாரை வார்ப்பார்?

ஒன்பது வயது மகள் புது சைக்கிளோடு வந்து நிற்பாள்.

"அப்பா, பின்னாடி பிடிச்சிட்டு ஓடி வாங்கப்பா."

"மூணு மாசம் போகட்டும்டா. இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி ஓடறேன் பாரு."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இது மனுஷங்களுக்கு வேலை செய்யுதுன்னு உறுதியாயிடுச்சா?"

"ஆராய்ச்சி நடக்குது. எலிங்க சக்கரத்துல எவ்வளவு நேரம் ஓடிச்சு தெரியுமா?"

"எலியாவது ஓடிச்சு."

மூன்று மாதம் ஆறு மாதமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு தயாராகிவிட்டதாக அவருக்கே தோன்றிவிட்டது. ஓட்டத்துக்கென்றே வாங்கிய காலணியை மாட்டிக்கொண்டு, லிஃப்டில் இறங்கித் தெருவுக்கு வந்தார். மகள் சைக்கிளில் தெருமுனை திரும்பி, மணியடித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா கத்துக்கொடுத்தா?"

"அம்மாதான். முழங்கால் வலியோட ஓடி வந்தாங்க."

அவர் ஆசையாய்ச் சீட்டைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"வேண்டாம்பா, பிடிச்சா விழுந்துடுவேன்."

போய்விட்டாள். எந்த மாத்திரை அந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தரும்?

என்ன, உச்சுக்கொட்டுகிறீர்களா? உங்களுக்கு நூறு வயது ஆசையெல்லாம் கிடையாது, சரி. 'இந்த வேலை முடியட்டும், கொஞ்சம் உடம்பு தேறட்டும்' என்று சொல்லி நீங்கள் யாரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? எழுந்து போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேதான் நிற்கிறார்களா என்று.