கீழே பார்த்த புகைக்குழாய்

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த பையன் வீட்டில் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்துவிட வேண்டும். படித்தவன் என்ற முறையில் நானே சொல்கிறேன். எதையாவது பிரிப்பான், மாட்டுவான், மிச்சமான நாலு ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு "இதெல்லாம் தேவையே இல்ல" என்பான். என் விஷயத்தில் மிச்சமானது ஸ்க்ரூ அல்ல, எட்டடிக் குழாய்.

அக்கா பிரசவத்துக்குத் திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. இருபத்துமூன்று வயதில் வேலையில்லாமல் கிடந்த எனக்கு ('தேடிக்கினு இருக்கான்' என்று அம்மா வெளியில் சொல்வாள்) முதல்முதலாகக் கிடைத்த பதவி தாய்மாமன். பதவிக்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தது.

பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தினமும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். ஐப்பசி மழையில் தோட்டத்து மூன்று கல் அடுப்பு ஊறிக் கிடந்தது. கேஸில் வைத்தால் சிலிண்டர் தாங்காது என்றாள் அம்மா. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், புகைக்குழாயோடு ஒரு விறகு அடுப்பை நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அம்மா முருகன் படம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

பஜாரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் இரும்பு அடுப்பைச் செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே எல்லாம் சொன்னார். குழாய் நேராக மேலே போய் மொட்டை மாடிக்கு மேல் மூன்றடி நிற்க வேண்டும், காய்ந்த விறகுதான் வைக்க வேண்டும், அடுப்பு எரிகிற வரை ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். நான் "ஆங், ஆங்" என்று தலையாட்டினேன். (ஒரு மெக்கானிக்கலுக்கு வெல்டர் பாடம் எடுப்பதா?)

வீட்டுக்கு வந்தால், குழாய் மேலே போக காங்கிரீட்டைத் துளைக்க வேண்டியிருந்தது. கட்டின வீட்டை இடிப்பதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்றார் அப்பா. சரியென்று பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, குழாயைத் திருப்புகிற ஒரு எல்போ மாட்டி, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த குறுகலான சந்தில் குழாயை விட்டேன். மழை உள்ளே வரக்கூடாது, மலையிலிருந்து இறங்கி வரும் குரங்கு கையை விடக்கூடாது என்று இன்னொரு எல்போ மாட்டி அதன் வாயைக் கீழே திருப்பினேன். பெண் பார்க்க வந்த இடத்துப் பெண் மாதிரி அது தரையைப் பார்த்து நின்றது. மேலே போக வேண்டிய எட்டடிக் குழாய் மிச்சமாகி மூலையில் கிடந்தது. அதே சந்தில், நாலடி தள்ளி, அக்காவும் குழந்தையும் படுத்திருந்த அறையின் வென்டிலேட்டர் இருந்தது. அதைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பார்த்தேன். புகை அந்தப் பக்கம் போகும் என்றுதான் தோன்றவில்லை. மூன்று வருடப் படிப்பு.

இரண்டு செய்தித்தாளைக் கொளுத்தி வெள்ளோட்டம் விட்டேன். புகை ஒழுங்காக வெளியே போனது. வீட்டுக்குள் நான் நடக்கிற நடையே மாறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து பாவா வந்தார். (எங்கள் பக்கம் அக்கா புருஷன் என்றால் பாவாதான்.) கூடவே அவர் அம்மாவும். வெளியே நல்ல மழை. பிள்ளைக்குக் காற்று படக்கூடாது என்று எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. குழந்தை குளித்து முடித்து, அக்காவோடு அறையில் படுத்திருந்தது. வந்தவர்களுக்கும் என் அடுப்பில் ஒரு வெந்நீர்க் குளியல் போட்டுக் காட்டிவிடலாம் என்று அண்டாவை ஏற்றினேன். மழையில் நனைந்த வேலிக்காத்தான் விறகைக் கொள்ளுமட்டும் திணித்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து பாவாவுக்குப் புகையின் விஞ்ஞானத்தை விளக்க ஆரம்பித்தேன்.

"வெறகு எரிஞ்சிக்கினு கீது பாவா. வீட்டுல புகை தெரியுதா?"

தெரியவில்லை என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அக்கா இருந்த அறையின் கதவுக்கடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. யாரும் பதறவில்லை. அதுதான் கொடுமை. குழந்தை குளித்த நேரம், அக்கா சாம்பிராணி போடுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நன்றாகப் போடட்டும், சளி பிடிக்காது என்று அப்பா பாராட்டினார். பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைப் பார்த்த ஆனந்தக் கண்ணீர் என்று நான் மனதுக்குள் மெச்சினேன்.

பாவாவின் அம்மா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு தரம் மோந்து பார்த்தார்.

"இது சாம்பிராணி இல்ல நைனா. ஈர வெறகு."

எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. தள்ளினார், திறந்துகொண்டது. அந்தத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சரிசெய்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். அந்த வீட்டில் நான் கை வைக்காமல் விட்ட ஒரே சாமான்தான் அன்றைக்கு இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

உள்ளே கட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அக்காவைப் பாவா உலுக்கி எழுப்பினார். தலை வலிக்குது என்று முனகிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள். குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை. பாவாவின் அம்மா அதை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காற்று படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் பின்னாலேயே ஓடிப்போய் மழையில் நின்றேன். முருகா என்று மலைப் பக்கம் பார்த்தேன். மழையில் மலையும் தெரியவில்லை.

குழந்தை தும்மியது. இன்னொரு தரம் தும்மியது. அப்புறம் தெருவே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. அதைவிடச் சத்தமாக நான் அழுதேன் என்று அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். இருக்கலாம். அந்த அழுகையைப் போல நிம்மதியான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் வரை வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற புகை ஆளை விரட்டும், அதோடு வருகிற தெரியாத விஷம் ஆளைத் தூங்க வைத்துவிடும் என்றார். குழாயை இப்படிப் போட்டது யார் என்று கேட்டார். "தாய்மாமன்" என்றாள் அம்மா. பெயரைக்கூடச் சொல்லவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு எல்போவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, புகைக்கு மேல போகத்தான் தெரியும். நீ படிச்சவன். அது படிக்கல."

காங்கிரீட்டைத் துளைக்க அப்பாவே ஆள் கூட்டிவந்தார். மிச்சமிருந்த எட்டடியும் நேராக மேலே போனது. குரங்குக்கு வலை, மழைக்கு மூடி, எல்லாம் பாய் கைவேலை. இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

பாவாவின் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வருடம் மலைக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். எல்லோரும் கொஞ்சம் தயங்கி அவரைப் பார்த்தார்கள். அவர் மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தார்.

"தாராளமா உக்கார வைங்க. நாலு பக்கமும் தொறந்துதான் கீது."

கத்தியை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதென்று மொட்டை போடுகிறவர் எழுந்து தள்ளிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் பள்ளிப்பட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் "மாமா வந்தாச்சு, ஜன்னலத் தொற" என்று பாவா குரல் கொடுப்பார். மருமகளுக்கு இப்போது ஆறு வயது. ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வந்துதான் என்னைக் கட்டிக்கொள்வாள். காரணத்தை இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தோழியின் மாமா ஊரிலிருந்து வந்திருக்கிறார். இவள் ஓடிப்போய் அந்த வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்திருக்கிறாள். எதுக்கும்மா என்று அவர்கள் கேட்டதற்கு, "மாமா வந்தா தொறக்கணும், அதான் மொற" என்றாளாம்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். இப்படி ஒரு முறையும் நாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.